கடைசி இரண்டு பேப்பர்

அட்டவணைப்படி கடைசிப் பரீட்சை முடிந்து சரியாகப் பதினைந்து நிமிடம். அவள் ரயிலிலிருந்து இறங்கிப் பிளாட்பாரத்தில் கால் வைக்கவும் அப்பாவின் போன் வரவும் சரியாக இருந்தது.

சிரித்துக்கொண்டாள்.

அப்பா பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷமாக டைம்கீப்பர். அவர் விசில் ஊதாமல் ஒரு வண்டி ஒரு நிமிடம் முன்னே பின்னே கிளம்பியதாகச் சரித்திரம் கிடையாது. ஒரே மகள் ஒரு செமஸ்டர் படிக்க ஐரோப்பாவுக்கு விமானம் ஏறியதும், அவள் எழுதி அனுப்பிய பரீட்சை அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். நேர வித்தியாசத்தைக் கணக்குப் பண்ணி, ஒவ்வொரு பேப்பரும் முடிகிற நிமிடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு.

கல்யாணத்தன்றைக்கே இந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாட்ச்சைத்தான் பார்த்தார் என்பாள் அம்மா.

தோழிகள் மூன்று பேர் முதுகுப் பையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். வந்துவிடுகிறேன் என்று கையைக் காட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

பேப்பர் எப்படி என்றார் அப்பா. சுமார் என்றாள். கஷ்டமா என்றார். கஷ்டமில்லை, நீளம் என்றாள். அம்மாவிடம் கொடுங்கள், நாலு வார்த்தை வம்பு பேசி வாரக்கணக்காகிறது என்றாள்.

அப்பா கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார இடமிருக்கிறதா என்று கேட்டார்.

பெஞ்ச் இருந்தது. அவள் உட்காரவில்லை.

டிப்போ மைக்கில் அறிவிக்கிற அதே குரலில் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு நெஞ்சுவலி. ஏழு ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி. பன்னிரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் வந்து, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். ஞாயிறு மாலை ஐந்து இருபது.

ஐந்து இருபதுக்கு என்ன என்று சொல்லவில்லை. குரல் அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது உட்கார்ந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டதாம். இரண்டு நாள் வைத்திருக்கலாம் என்று நாலு பேர் சொன்னார்களாம். இன்னும் பேப்பர் பாக்கி இருக்கிறதே என்று அப்பாதான் தலையாட்டவில்லையாம்.

பின்னால் சித்தியின் அழுகை கேட்டது. அது எதற்கென்பதையும் அப்பாவே சொன்னார், குற்றவாளி வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி. பெற்றவள் சாகக் கிடக்கிறாள், பேப்பராம் பேப்பர் என்று சித்தி அவர் கையிலிருந்த போனைப் பிடுங்க வந்தாளாம். அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டாராம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஊரே வேடிக்கை பார்த்ததாம்.

விமானம் விசாரிக்காமல் இல்லை. வெள்ளி ராத்திரி ஒன்று இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கியிருப்பாய், ஒரு முழு நாள் அம்மா பக்கத்தில் இருந்திருப்பாய் என்றார்.

ஆனால் ஃபிரிட்ஜில் கோடு விழாத கட்டங்கள் இரண்டு இருந்தன. போதாததற்கு, புதன்கிழமை வரை யாரும் போன் பண்ண வேண்டாம், ராத்திரி பகலாகப் படிக்கிறேன் என்று அவளே வியாழக்கிழமை மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாராம். அம்மா மூக்கிலிருந்த மாஸ்க்கைத் தானே விலக்கிவிட்டு, பிள்ளைக்கு இன்னும் ரெண்டு பேப்பர் இருக்கு, போனைப் போட்டுக் குழப்பிடாதீங்க என்றாளாம்.

ஞாயிறு மத்தியானம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாளாம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

பிளாட்பாரத்தில் அடுத்த ரயில் வந்து, ஆட்களை இறக்கிவிட்டு, போய்விட்டது.

"நான் பண்ணினது தப்பாம்மா?" என்றார் அப்பா. "உன் சித்தி இனிமே ஜென்மத்துக்கும் என் மூஞ்சில முழிக்க மாட்டாளாம். அவ கிடக்கா. நீ சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவர் தலையிலிருக்கிற பாரம் இறங்கிவிடும். இறங்கின இடத்தில் அதைவிடப் பெரிய பாறாங்கல் ஒன்று ஏறி உட்காரும்.

"நீங்க பண்ணினதுதான் சரிப்பா. சொல்லியிருந்தா பரீட்சையைப் போட்டுட்டு ஓடி வந்திருப்பேன்."

அந்தப் பக்கம் அப்பா உடைந்து அழுதார். அவர் அழுது அவள் கேட்டதே இல்லை. அழுகைக்கு நடுவில் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, பார்த்தியா, பிள்ளையே சொல்லிடுச்சு, பிள்ளையே சொல்லிடுச்சு என்று அவர் சித்தியிடம் சொல்வது கேட்டது.



படிக்கட்டின் மேலே தோழிகள் திரும்பி நின்று, என்ன ஆயிற்று என்று கையால் கேட்டார்கள்.

அவளுடைய கடைசிப் பரீட்சை போன வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கே முடிந்துவிட்டிருந்தது. திங்கட்கிழமைப் பேப்பரும் புதன்கிழமைப் பேப்பரும் அட்டவணையில் அவளாக எழுதிச் சேர்த்தவை.

கடல் பார்த்துவிட்டு வர ஆறு நாள் வேண்டியிருந்தது.