பதினோரு பேர்

வரலாற்றுப் பேராசிரியை மருத்துவ ஆய்விதழைக் கணவரின் சாப்பாட்டுத் தட்டருகே ஓங்கிப் போட்டார்.

“நாலு பக்கக் கட்டுரையை எழுதினது பதினோரு பேரா? வெக்கமா இல்ல?”

“எங்க துறையில அப்படித்தான்மா,” என்றார் மருத்துவர். “ரத்தம் எடுத்தவங்க, கணக்குப் போட்டவங்க, எல்லாரும் சேர்த்தி. எழுதினது என் மாணவி, அவ முதல்ல. துறைத்தலைவர் நான், கடைசில.”

“நான் ஒன்பது வருஷம் ஒத்தையா எழுதின புத்தகமும் ஒண்ணு, இதுவும் ஒண்ணா?”

“பதவி உயர்வுக்கு எண்ணிக்கைதானே பாக்கறாங்க? உனக்குப் பத்தலையே!”

“அதுக்காக? பத்தாவதா என் பேரைப் போடுவீங்களா? ரத்தத்தைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும்!”

“ஒரு உதவிதானே…”

மனைவி பேனாவை நீட்டினார்.

“என் பேரை எடுக்கச் சொல்லி இதழுக்குக் கடிதம் எழுதுங்க. அதையாவது நீங்களே எழுதுங்க!”