காத்திருப்பவர்: ஒருவர்

மருத்துவமனை முழுவதற்கும் ஒரே கணினி சர்வர். திரைக்கு முன்னால் ஆள் காத்திருந்தால் பரிசோதனை முடிவை உடனே தரும். மற்றவர்களுடையதை மொத்தமாகச் சேர்த்துவைத்து, வேலை ஓயும்போது பார்க்கும். இலவச வார்டில் திரையே கிடையாது.

அந்த வார்டில் படுத்திருக்கும் மகளின் ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்பது நாளாக வரவில்லை. புஷ்பமேரி கட்டணப் பிரிவுக்குள் புகுந்து, சீட்டைத் திரையில் காட்டிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"வார்டுக்குப் போங்கம்மா, வந்ததும் சொல்றோம்," என்றார் காவலர்.

"ஒம்பது நாளா வார்டுலதான இருந்தேன்? அதான் நான் காத்திருக்கறதே இதுக்குத் தெரியல."

திரை ஒளிர்ந்தது: 'காத்திருப்பவர்: ஒருவர்.' அடுத்த நொடி முடிவும் வந்தது.

"அதான் வந்துருச்சே, எந்திரிங்க."

அவள் அசையவில்லை. வாசலில் நின்ற பக்கத்துப் படுக்கைக்காரியைப் பார்த்துக் கத்தினாள்:

"இசக்கியம்மா, நம்ம வார்டு சனத்தையெல்லாம் கூட்டிட்டு வா! முன்னால வந்து உக்காந்தாத்தான் இதுக்குக் கண்ணு தெரியுது!"