நாளைய கேள்வித்தாள்

அறைக்குள் இருந்தவர்கள்: ஆனந்தகுமார், ஆசிஃப், சரண்யா, டில்லிபாபு, அவர்களுக்குப் பாடம் சொல்லித்தர வந்த மேகலா. இவர்களோடு, ஆனந்தகுமாரின் போனுக்குள், மறுநாள் காலைத் தேர்வின் கேள்வித்தாள்.

தி.நகரில் ஆனந்தகுமாரின் அப்பா நடத்தும் ஜவுளிக்கடையின் மேல்மாடி அது. சேலைக் கட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு ஒரு மாதமாக அங்கேதான் படிப்பு. ஐந்து பேரும் ஒரே வகுப்பு; மேகலாவைத் தவிர நால்வருக்கும் கணக்கில் அரியர். தேறியவள் தேறாதவர்களைக் கரையேற்ற வேண்டும் என்பது துறையின் ஏற்பாடு.

"யாரு அனுப்புனது?" என்றாள் மேகலா.

"தெரியாத நம்பர். யாரா இருந்தா என்ன? யூனிவர்சிட்டி சீலோட இருக்கு, பாரு." ஆனந்தகுமார் போனை நீட்டினான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் பாக்க மாட்டேன். அத அழி."

"அழிக்கணுமாம் மச்சி!" ஆசிஃப் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

சரண்யா அதற்குள் போனைப் பிடுங்கி, கேள்விகளை நோட்டில் எழுத ஆரம்பித்திருந்தாள். "ஐயோ, பாதிக்கு மேல நாலாவது யூனிட்டுப்பா. நாம அத தொடவே இல்லியே."

"ஒரு மாசமா அத நடத்துறேன்னு கெஞ்சுனேன். சாய்ஸ்ல விட்டுடலாம்னு யாரு சொன்னது?"

சொன்னது நான்கு பேரும்தான்.

டில்லிபாபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது நான்காவது முயற்சி. கேம்பஸில் கிடைத்த வேலைக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது: அரியர் இருந்தால் வேலை கிடையாது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அவன் அம்மா தேசம்மா அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து வைத்திருந்தாள். அந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்ட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"டில்லி, நீயாவது சொல்லு. மாட்டுனா எல்லாருக்கும் மூணு வருஷம் பரீட்ச எழுத முடியாது."

"நான் இன்னா சொல்றது? நீ பாஸாயிட்ட, பேசுற. நாளிக்கி ஊத்திக்கிச்சினா என் வேல காலி."

"அப்ப சரி. நான் எச்.ஓ.டி.கிட்ட சொல்லிடுறேன்."

ஆனந்தகுமார் எழுந்து வந்து, அவள் பையை எடுத்துக் கதவருகே வீசினான். உள்ளிருந்து பேனாக்கள் சிதறின.

"போய்ச் சொல்லு, பாக்கலாம். நீ சொன்னதா தெரிஞ்சா, மேகலா மேடம்தான் கொண்டுவந்து குடுத்தாங்கன்னு நாங்க நாலு பேரும் சொல்லுவோம்."

"ரூம் எங்களுது. கெளம்பு," என்றான் ஆசிஃப்.

மேகலா குனிந்து பேனாக்களைப் பொறுக்கினாள். நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

"போடுறதுன்னு ஆயிடுச்சு, ஒழுங்காவாவது போட்டுப் பழகுங்க. அந்தப் பதினாறாவது கணக்கு ஃபார்முலா எல்லாம் மனப்பாடமா தெரியாம வராது."

"இப்பவும் வாத்தியார் புத்தி போவுதா பாரேன்," என்றான் ஆசிஃப். மூன்று தலைகளும் போனை நோக்கிக் கவிழ்ந்தன.

அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்த எழுந்தவன் டில்லிபாபு. சாத்தவில்லை, அவனும் வெளியே வந்துவிட்டான்.

"இரு மேகலா, நானும் வந்துர்றேன். எனக்கும் ஒரு மாரி கீது. திருட்டுத்தனமா பாஸாயி, எங்கம்மா மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?"

"உள்ள போடா."

"இல்ல. எனக்கு அந்தப் பேப்பர் வாணாம். எச்.ஓ.டி.கிட்ட நானே வந்து சொல்றேன்." அவன் படியில் ஒரு கால் வைத்துவிட்டான்.

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். சரண்யா கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள்; ஆனந்தகுமார் புத்தகத்தில் நாலாவது யூனிட்டைத் தேடிக்கொண்டிருந்தான். நான்கு வாரமாகக் கெஞ்சியும் நடக்காதது.

மேகலா அவன் காதருகே வந்தாள்.

"லூசு, அது டூப் பேப்பர். டைப் அடிச்சதே நான்தான்."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவனை உள்ளே தள்ளினாள். அவன் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.