கையை உதறியவள்

“நடிப்பு மிஸ், பச்ச நடிப்பு! கொழுந்து எடுத்தா கை மரக்குதாம். சோறு அள்ளித் திங்குறப்போ மரக்கலயாம்.”

பதுளை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறைக்குள் காலை வைத்ததும் வைக்காததுமாக வள்ளியம்மை ஆரம்பித்துவிட்டாள். பேசப் பேச வலது கையை வேறு வெடுக் வெடுக்கென்று உதறினாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மருமகள் நிசாந்தினிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் பஸ் ஏறியதிலிருந்து இதே பாட்டுத்தான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது. ஆனால் இன்றைக்கு அப்படி விட்டுவிட முடியாது. கொழும்பில் கடையில் நிற்கிற புருசன் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான்.

“ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்லன்னு சொன்னா, திங்கக்கிழம காலையில பெரட்டுக்குப் போயி கணக்கப்புள்ளகிட்ட வேலைக்குப் பேரக் குடுத்துட்டு மலைக்கு ஏறிரு. அதுக்கப்புறம் கைநோவுன்னு எங்கிட்ட வராத.”

பிசியோதெரபி பார்க்கிற ஜுமானா மிஸ் நாற்காலியைக் காட்டினாள். “நீங்க சொல்லுங்க தங்கச்சி. எங்க மரக்குது?”

“பெருவிரல், அப்புறம் இந்த ரெண்டு விரல் மிஸ். பகல்ல பரவால்ல. ராத்திரியானா ஊசி குத்துற மாதிரி இருக்கும்.”

“ராத்திரி ராத்திரி எந்திரிச்சு ஒக்காந்து கைய ஒதறுறா மிஸ்! நான்தான் தெனமும் பாக்குறேனே!”

ஜுமானா, வள்ளியம்மையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். நிசாந்தினியின் மணிக்கட்டைப் புரட்டி, உள்பக்கம் விரலால் டொக் டொக்கென்று தட்டினாள்.

“தட்டுறப்போ கரண்ட் அடிச்ச மாதிரி விரலுக்கு ஓடுதா?”

ஓடவில்லை. ஓடுது என்று சொல்லிவிட்டால்தான் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது? பாழாய்ப்போன வாய், அதற்கு வளைய மாட்டேன் என்றது.

“இல்ல மிஸ்.”

“பாத்தீங்களா!” வள்ளியம்மை எழுந்தே விட்டாள். “வாடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“இருங்கம்மா. இத மட்டும் வச்சு முடிவு சொல்ல ஏலாது.” ஜுமானா தன் இரண்டு புறங்கைகளையும் சேர்த்து, விரல்கள் கீழே பார்க்க, நெஞ்சுக்கு நேராக மடக்கிக் காட்டினாள். “இப்படி ஒரு நிமிசம் புடிங்க தங்கச்சி.”

நிசாந்தினி பிடித்தாள். இதுவும் ஏமாற்றிவிட்டால் கதை முடிந்தது என்று மனசு அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம்தான். பெருவிரலில் தொடங்கிய குறுகுறுப்பு, விறுவிறுவென்று அடுத்த இரண்டு விரலுக்கும் பரவியது.

“மரக்குது மிஸ்! மரக்குது!” அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு.

“அட, இதெல்லாம் ஒரு டெஸ்ட்டா?” வள்ளியம்மை விடுவாளா? “இப்படி மடக்கி வச்சா யாருக்குத்தான் மரக்காது?”

“நல்ல கைக்கு ஒண்ணும் ஆகாதும்மா.”

“ஏன் ஆகாது? இந்தா, நானே புடிக்கிறேன் பாருங்க!”

“புடிங்க. நானும் ஒங்ககூடப் புடிக்கிறேன்.”

இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்று கையை மடக்கினார்கள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, வள்ளியம்மை ஜெயித்துவிட்ட குதூகலத்தில் கத்தினாள்.

“எனக்கும்தான் மரத்துருச்சு! அதே மூணு விரல்! நான் என்ன சொன்னேன்? இதுக்குப் போயி நோவுன்னா எங்க லயத்து வீடுகள்ல ஒருத்தியும் வேலைக்கே போக ஏலாது!”

ஜுமானா இன்னும் கையை எடுக்கவில்லை. நிமிடம் முடிந்த பிறகு மெதுவாக எடுத்து, விரல்களை விரித்துக் காட்டினாள்.

“எனக்கு ஒண்ணுமே ஆகலம்மா.”

“சும்மா சொல்லாதீங்க மிஸ்.”

“சத்தியமா.”

உதறுவதற்காகத் தூக்கிய கை அப்படியே பாதியில் நின்றது. வள்ளியம்மை அந்தக் கையைப் பார்த்தாள். மிஸ்ஸின் கையைப் பார்த்தாள்.

“எத்தன காலமாம்மா நீங்க ராத்திரியில முழிச்சிருக்கீங்க?”

“இவ புருசன் கைப்புள்ளையா இருக்குறப்ப இருந்து...” குரல் இறங்கிவிட்டது. “எங்க அக்காவும் ஒதறுவா. பக்கத்துக் காம்பரா குணமணியும் ஒதறுவா. கொழுந்து எடுக்குற கைன்னா இப்படித்தான்னு இருந்துட்டேன் மிஸ். ஒருத்தியும் நோவுன்னு சொல்லலயே. இவ மட்டும் வந்து சொன்னா, நடிப்புன்னுதானே தோணும்?”

ராத்திரியில் தட்டிக்கு அந்தப் பக்கம் அத்தையின் வளையல் கலகலக்கும். தன்னை எரிச்சல்படுத்தத்தான் என்று நிசாந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். அது கையை உதறிய சத்தம் என்று புரிந்ததும் கண் கலங்கிவிட்டது.

“மணிக்கட்டுக்குள்ள ஒரு நரம்பு நசுங்குது. ரெண்டு பேருக்கும் ராத்திரியில கட்டிப் படுக்கப் பட்டி தாறேன். தங்கச்சி சுருக்கா வந்துட்டாங்க, சீக்கிரம் சரிவரும். அம்மாவ டொக்டர்கிட்டயும் காட்டுவோம். பட்டியில கொறயாட்டி சின்ன ஒப்பரேசன் இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல.”

அந்த நேரம் பார்த்து நிசாந்தினியின் போன் அடித்தது. வள்ளியம்மை அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“டேய், இவ கை சரியாகுற மட்டும் மலைக்கு ஏற மாட்டா. என்னாது? நடிப்பா? எவன்டா சொன்னான்? ஒன் வேலையப் பாரு!”

அவன் மறுபடி வாய் திறப்பதற்குள் கட் பண்ணிவிட்டாள். இருவரும் பஸ்ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பட்டியை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்த வள்ளியம்மை, மெல்லக் கேட்டாள்:

“ஏன்டி நிசா... விடியுற மட்டும் முழிக்காம தூங்குனா, அது எப்படிடி இருக்கும்?”

“நான் சொல்ல மாட்டேன் அத்தை. நீங்களே தூங்கிப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க.”