பஞ்சு அறையில் எதிரொலி

எனக்கு எல்லாம் சரியாக நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம்தான். மாயாஜால நாவல்கள் எழுதும் ஒருவரின் கவிதை ஒன்றுக்கு நான் மெட்டமைத்தேன். அக்கா பாடினாள். அவளுக்கு அது முதல் ஒலிப்பதிவு. பள்ளத்தாக்கைத் தாண்டிப் போனவர்களைக் கூப்பிடும் பாட்டு.

பதிவு அறையின் சுவரெல்லாம் பஞ்சு. கைதட்டினால் சத்தம் அங்கேயே அடங்கிவிடும். ஆனால் பதிவைப் போட்டுக் கேட்டபோது, அக்காவின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் வெகு தொலைவிலிருந்து எதிரொலி வந்தது.

"நான் எதுவும் சேர்க்கல சார். இந்தப் புறாக்கூண்டுல மலை எங்கேருந்து வந்துச்சு?" என்றார் ஒலிப்பதிவாளர்.

மறுபடி பாடினாள். எதிரொலி சீக்கிரம் வந்தது. அடுத்த முறை அதைவிடச் சீக்கிரம்.

"கிட்ட வருதுடா," என்றாள் அக்கா.

"போதும்க்கா, வெளிய வா."

"நல்லா வர்ற நேரத்துல உயிர வாங்காத. இன்னும் ஒரே ஒரு தடவை."

அந்தத் தடவை எதிரொலியே இல்லை. அதைத்தான் வெளியிட்டோம்.

நாவலாசிரியருக்குப் பாட்டு பிடித்திருந்தது. ஒலிப்பதிவாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அக்கா என்னோடுதான் இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நான் கூப்பிட்டால் உடனே திரும்பி உதட்டை அசைக்கிறாள். "என்னடா" என்ற குரல் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து வந்து சேர்கிறது.