மூன்று முடிச்சும் ஒரு வெள்ளைக்கோடும்

சகலருக்கும் பணிவன்புடன் அறிவிப்பது: 2038 ஆவணியில் ஒரு ஞாயிறன்று, மனிதகுலத்தின் நெடுநாள் களங்கமான வெள்ளைக்கோடு ஒன்று பாளையங்கோட்டையில் மாசிலாமணியின் வீட்டுக் கூடத்தில் ஒழிக்கப்பட்டது.

அவருடைய கல்யாண வீடியோ கேசட்டில், சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே ஓடிய கோடு அது. சீராக்கி என்ற கருவி அதைத் துடைத்துவிட்டு, காலியான இடத்தைத் தானே வரைந்து நிரப்பியது. திரையில் மாசிலாமணியே மூன்று முடிச்சும் போட்டார்.

"பாத்தியாக்கா, என்ன கம்பீரம்!"

"டேய், என் கை எங்கடா?" என்றாள் அக்கா செண்பகவல்லி. முதல் முடிச்சுதான் தம்பியுடையது. மற்ற இரண்டும் நாத்தனாரான அவள் போட்டவை. அதைப் பார்க்கத்தான் மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"மாப்பிள்ளைக்கு நான்கு கைகள் தெரிந்தன. இரண்டு பழுது. நீக்கிவிட்டேன்" என்றது சீராக்கி.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "பழுதாம்ல, பழுது!"

மாசிலாமணி பதறிப்போய்க் கருவியை அணைத்துவிட்டு, பழைய கேசட்டை அப்படியே ஓட்டினார். கோட்டுக்கு மேலும் கீழுமாக வளையல் போட்ட இரண்டு கைகள் தெரிந்தன. தம்பி போட்ட முடிச்சு அவிழ்ந்து தொங்க, அந்தக் கைகள் மூன்றையும் இறுக்கிப் போட்டன.

"அதான் மதினி, முடிச்சு இன்னும் நிக்குது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் மனைவி தமயந்தி.

அந்தத் தாலியில் மாசிலாமணி போட்ட முடிச்சு ஒன்றுகூட இல்லை.