குறையாத கறி

குறையவே இல்லையாம்.

மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பல்லிடுக்கில் எலும்புச் சில்லு சிக்கிக்கொண்டதுபோல் இருந்தது.

முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டே அவள் கணவன் சகாயம் தன் தம்பி லூர்துவிடம் சொன்னது, அடுப்படியில் நின்ற அவளுக்குத் தெளிவாகவே கேட்டது.

"ஊரு பூரா மாட்டுக்கறி வெல ஏறிப்போச்சுன்னு அழுவுது. என் வூட்ல வந்து பாரு. என் தட்டுல ஒரு துண்டு கொறஞ்சிருக்குதா?"

உண்மைதான். அவன் தட்டில் குறையவில்லை.

பையன்கள் தட்டிலும் குறையவில்லை.

விலை ஏறத் தொடங்கியபோது கிலோவை முக்காலாக்கினாள். பிறகு அரை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும் வழியில்தான் கறிக்கடை. முன்பெல்லாம் ஜைலானி பாய் கேட்காமலேயே ஒரு கை கொழுப்பும் எலும்பும் சேர்த்துப் போடுவார். இப்போது எலும்புக்குத் தனி விலை. போட்டிக்குடலுக்கும் நுரையீரலுக்கும் வரிசை நிற்கிறது. நாய்க்கு என்று சொல்லி வாங்கிப்போனவர்கள் இப்போது எதுவும் சொல்லாமல் வாங்கிப்போகிறார்கள். இரண்டு வீடு சேர்ந்து ஒரு கிலோ வாங்கி, தெருமுனையில் பிரித்துக்கொள்கிறது.

இன்று காலையில்கூட, பக்கத்து வீட்டுச் செல்வமணி கறியைக் கையால் புரட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வாங்க வந்தியா, மோந்து பாக்க வந்தியாம்மா?" என்றார் பாய்.

"மோந்து பாக்கவும் ரேட்டு எழுதிப் போட்டுரு பாய். அதையும் குடுத்துடறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அரைக் கிலோ வாங்கினாள்.

மீதியை உருளைக்கிழங்கு பார்த்துக்கொண்டது.

அதிலும் ஒரு பக்குவம் இருந்தது. கறித்துண்டின் அளவுக்கே நறுக்க வேண்டும், கோணல்மாணலாக. எண்ணெயில் சிவக்க வதக்கி, மசாலாவில் புரட்டி, கடைசியில்தான் குழம்பில் விட வேண்டும். சட்டிக்குள் பார்த்தால் எது கறி, எது கிழங்கு என்று தெரியாது. அவள் கரண்டிக்குத் தெரியும். கிழங்கு உருண்டு விலகும். கறி கனத்து நிற்கும்.

கனத்ததெல்லாம் முன்னறைக்குப் போனது.

விலகியதெல்லாம் அவளுக்கு.

எல்லோரும் எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். அவள் தட்டை யாரும் பார்த்ததில்லை.

அவள்கூட.

போன மாதம் மாடிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்சம்மா கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லியே. கறி சாப்புடற வீடுதானே?"

ஆமாம் என்றாள். பொய் இல்லை. கறி சாப்பிடுகிற வீடுதான்.

முன்னறையில் இப்போது லூர்துவின் குரல்.

"எங்க வூட்ல நாலு வாய்ல முடிஞ்சிடுதுண்ணே. சமைச்சவொடனே சரிபாதிய எடுத்து அவ தட்டுல வச்சுக்கறா. கேட்டா, எனக்கும் பசிக்குதுங்கறா."

சகாயத்துக்குப் புரையேறியது. அப்படிச் சிரித்தான்.

"அதான்டா விசயம். அண்ணிகிட்ட வுட்டுக் கத்துக்கச் சொல்லு. இவ கை பட்டா அரைக் கிலோ ஒரு கிலோ ஆயிடும்."

சரிபாதி.

முதலில் லூர்துவின் மனைவி ரெஜினா மீதுதான் கோபம் வந்தது. கல்யாணமாகி வருடம்கூடத் திரும்பவில்லை. வயிற்றில் ஐந்து மாதம். என்ன துணிச்சல் இருந்தால் புருஷன் தட்டுக்குச் சமமாக எடுத்துவைப்பாள். தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதுபோல் நெஞ்சு எரிந்தது.

பிறகு அந்த எரிச்சல் நின்று, திசை திரும்பியது.

ஏமாற்றியது அந்தப் பெண் இல்லை.

எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தன்னிடம் யார் சொன்னது? யோசித்துப் பார்த்தாள். ஒருவரும் சொல்லவில்லை. எடுத்துக்கொள் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில், நீ சாப்பிட்டாயா என்று முன்னறையிலிருந்து ஒரு குரல் வந்ததில்லை. கெட்டிக்காரி என்று மட்டும் வந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு கிழங்கைத் தின்றிருக்கிறாள்.

கரண்டியைச் சட்டியின் விளிம்பில் சாய்த்துவைத்தாள்.

முன்னறையிலிருந்து ரெஜினா உள்ளே வந்தாள். முந்தானையை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றாள். பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைபோல் முகம்.

"மாமா உங்ககிட்ட கேட்டுக்கச் சொன்னாருக்கா. எப்பிடி சமாளிக்கறீங்கன்னு."

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"நான் வேணும்னா எழுதிக்கறேங்க்கா."

எதை எழுதிக்கொள்வாள்? நறுக்குவதையா, வதக்குவதையா? அதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். மற்றதும் வந்துவிடும். அதற்கு வருடம்கூட வேண்டாம். ஒருநாள் இந்தப் பெண்ணின் கண்ணிமையையும் யாராவது இழுத்துப் பார்ப்பார்கள்.

"இந்தாமே," என்று முன்னறையிலிருந்து சகாயம் கூப்பிட்டான். நல்ல சந்தோஷத்தில் இருந்தான். "அவளுக்கு எல்லாத்தயும் சொல்லிக் குடுத்து அனுப்பு."

அவள் ரெஜினாவைப் பார்த்தாள். கன்னத்தில் இன்னும் ரத்தம் இருந்தது.

"மாட்டேன்," என்றாள்.

குரல் உயரவில்லை. எதிரில் நின்றவளிடம் சொன்னதுபோலத்தான் இருந்தது.

முன்னறையில் மெல்லும் சத்தம் நின்றது.